இரு கை தட்டிய ஓசை

ஆண்டுதோறும் ஜூலை 15 அன்று விருதுநகரில் காமராசர் வாழ்ந்த வீட்டு வாசலில் மாலைகள் குவிகின்றன. 2006 முதல் அந்த நாள் தமிழ்நாடு முழுவதற்கும் கல்வி வளர்ச்சி நாள். பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு பேச்சிலும் ஒரே கதை வருகிறது. முதலமைச்சர் காரில் போகிறார். வழியில் மாடு மேய்க்கும் ஒரு பையனைப் பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகாதது ஏன் என்று கேட்கிறார். சோறு கிடைத்தால் போவேன் என்கிறான் பையன். அடுத்த வரியில் மாநிலத்துப் பள்ளிகளிலெல்லாம் உலை கொதிக்கிறது. கார் நின்ற இடத்துக்கும் உலை கொதித்த இடத்துக்கும் நடுவில் என்ன நடந்தது, யார் நடத்தினார், எந்தக் காசில் நடத்தினார் என்று கதை சொல்வதில்லை. கேட்பவர்களும் கேட்பதில்லை. கேட்காமலே வளர்ந்த ஒரு கருத்து இன்று வேரூன்றிவிட்டது: தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி ஒரு பெருந்தலைவரின் இரக்கத்தில் பிறந்தது, அதிகாரிகள் கோப்பை நகர்த்தியவர்கள், அவ்வளவுதான். இந்தக் கருத்து தவறு. காமராசரின் பெருமையை உயர்த்துவதுபோலத் தோன்றி, உண்மையில் அதைக் குறைக்கிறது. ஒரு பொதுக் காரியம் எப்படி முடிகிறது என்னும் அறிவையும் நம் பிள்ளைகளிடமிருந்து மறைக்கிறது.

கதையில் விடுபட்டவரின் பெயர் நெ.து.சுந்தரவடிவேலு. 1912இல் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். சுயமரியாதை இயக்கத்தில் தோய்ந்தவர். பெரியாரின் கொள்கைவழி நின்று சாதி மறுத்து மணம் செய்துகொண்டவர். பள்ளி ஆய்வாளராகக் கல்வித்துறையில் நுழைந்து, கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துப் படிப்படியாக மேலே வந்தவர். காமராசர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். அந்த ஆண்டிலேயே, நாற்பதைத் தாண்டிய வயதில், சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரானார். பொது நூலகங்களின் இயக்குநர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. 1961இல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னர் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் பணியாற்றிவிட்டுத் திரும்பி, 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1993இல் மறைந்தார். இன்று, அவர் தன்வரலாறாக எழுதிய ‘நினைவு அலைகள்’ நூலைத் தேடிப் படிப்பவர்களுக்கு மட்டுமே அவரைத் தெரிகிறது.

முதலில் இரக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பசித்த பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போட வேண்டும் என்ற எண்ணம், காமராசர் ஆட்சியில் பகல் உணவு தொடங்கிய 1956இல் பிறந்ததன்று. 1920இலேயே பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் பகல் உணவு கொடுக்கத் தொடங்கியது. வேறு சில பள்ளிகளுக்கும் விரித்தது. பிள்ளைகள் வந்தார்கள். எண்ணத்தில் குறையில்லை, மனத்திலும் குறையில்லை. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்தது. 1925இல் திட்டம் நின்றது. ஒரு நிதி விதி ஒரு நல்ல எண்ணத்தைப் படுக்க வைத்தது. 1956க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர்மாறு. எட்டயபுரத்தில் ஊரார் கொடையோடு தொடங்கிய பகல் உணவு, அரசு தன் பங்கைப் போட முன்வந்ததும் மாநிலம் முழுவதும் பரவியது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு. அதில் அரசின் பங்கு 6 காசு, மீதி 4 காசு உள்ளூரார் பொறுப்பு. 1961இல் கேர் (CARE) என்னும் அயல்நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் உதவியும் சேர்ந்தது. முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு இரக்கத்தின் அளவில் இல்லை. நிதிக் கட்டமைப்பில் இருக்கிறது. ஊர் தொடங்கும், அரசு தாங்கும் என்ற அந்த ஏற்பாட்டைக் கருவூலம் ஒப்பும் வகையில் காகிதத்தில் அமைத்து, ஊரார் ஒப்பும் வகையில் தெருவில் நடத்திக் காட்டியது கல்வித்துறை.

இதை இந்திய அளவிலும் சோதித்துப் பார்க்கலாம். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாத கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகத்தான் சொன்னது. விடுதலைப் போரில் சிறை சென்று, எளிய வாழ்வு வாழ்ந்து, ஏழைக்கு இரங்கிய தலைவர்கள் 1950களில் எல்லா மாநிலத்திலும் இருந்தார்கள். ஆனாலும் பள்ளிச் சோற்றை நாடு முழுவதற்குமான திட்டமாக மத்திய அரசு அறிவிக்க 1995 ஆகஸ்டு 15 வரை ஆனது. சமைத்த உணவாகவே கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஆணையிட வேண்டி வந்தது. அந்த நாற்பது ஆண்டுக் காலமும் மற்ற மாநிலத் தலைவர்களுக்கெல்லாம் மனம் கல்லாக இருந்தது என்று சொல்ல முடியுமா? தலைவரின் மன உறுதியைப் பிடித்துக்கொண்டு ஊர்க் கடைசிவரை கொண்டுபோகும் துறை ஒன்று அங்கெல்லாம் அமையவில்லை. இங்கே அமைந்தது.

அந்தத் துறை செய்த காரியங்களில் சோறு ஒன்றுதான் கண்ணில் படுகிறது, ஏனென்றால் சோறு மணக்கிறது. கண்ணில் படாதவை அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. 1955இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தந்த திட்டம் சென்னை மாநிலத்தில்தான் இந்தியாவில் முதலில் வந்தது. இதன் எடையை உணர அந்தக் கால ஆசிரியரின் நிலையை எண்ண வேண்டும். குறைந்த சம்பளம், அதுவும் நிர்வாகியின் கையைப் பார்த்து வாங்குவது, முதுமையில் கைவிரிப்பு. அப்படிப்பட்டவரைப் பொட்டல் காட்டு ஊருக்குப் போய் ஒற்றை ஆளாகப் பள்ளி நடத்து என்றால் எதை நம்பிப் போவார்? சோற்றுத் திட்டத்துக்கு ஓராண்டு முன்பே ஆசிரியரின் முதுமைக்கு வழி செய்த அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை அழைப்பதற்கு முன், அவர்களை வரவேற்கக் கதவருகே நிற்பவரை ஊன்றி நிற்க வைத்தார்கள். பள்ளி இல்லாத ஊர்களைக் கண்டறிந்து, ஒரு மைல் நடைக்குள் தொடக்கப் பள்ளி என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு திறந்தார்கள். படித்தவர்களின் வேலையின்மையைக் குறைக்க மத்திய அரசு கொண்டுவந்த நிதியையும் ஓராசிரியர் பள்ளிகளுக்குத் திருப்பினார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிறுதி வகுப்பு வரை கட்டணம் நீங்கியது. இவற்றில் எதுவும் ஒரு பையனோடு சாலையோரத்தில் பேசிய பேச்சிலிருந்து தானாக முளைப்பதில்லை. பட்டியல் போட்டு, விதி எழுதி, ஆளை நியமித்து, ஆய்வாளரை அனுப்பித் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் முளைக்கும். 1951 கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர் எழுத்தறிந்தவர்களாக இருந்த இந்த நிலப்பகுதியில், 1961இல் அது 31ஐத் தாண்டியது. பத்தாண்டில் பத்துப் புள்ளி ஏறியது அந்தப் பொறுமையின் விளைச்சல்.

விருதுநகர்க்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கம். ஒவ்வொரு பள்ளியும் தனக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதும்: கூரை, சுற்றுச்சுவர், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், பிள்ளைகளுக்குச் சீருடை. ஊரில் யார் எதைக் கொடுக்க முடியும் என்று ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். பிறகு வட்டார அளவில் மாநாடு கூட்டி, கொடுத்தவர்களை அமைச்சர் முன்னிலையில் பாராட்டுவார்கள். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் சில ஆண்டுகளில் நடந்து, கோடிக்கணக்கான ரூபாய்ப் பெறுமான உதவி பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை விருதுநகருக்குப் புதிதன்று. காமராசர் ஆறாம் வகுப்புவரை படித்த சத்திரிய வித்தியாசாலையே ஊரார் நாள்தோறும் அடுப்பில் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியிலும், வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமையிலும் வளர்ந்த பள்ளி. ஆக, சிறு கொடையைச் சேர்த்துப் பெரிய பள்ளியாக்கும் வித்தை இந்த மண்ணிலேயே இருந்தது. காமராசர் அதை உடம்போடு அறிந்தவர். ஆனால் உறவின்முறை என்னும் சாதிச் சங்கம் நடத்திய பள்ளியின் பலம் ஒரு சமூகத்தின் ஒற்றுமையில் இருந்தது. வணிகத்தில் தலையெடுத்த சாதிக்குக் கைகூடிய அந்த வழி, கூலிக்குப் போகும் சாதிக்குக் கைகூடாது. மகமை போட அவர்களிடம் மூட்டை ஏது? ஒரு சமூகத்துக்குள் பழகியிருந்த வழக்கத்தை எல்லாருக்குமான பொது ஏற்பாடாக, கொடுக்க இயலாத சேரிப் பிள்ளையும் கேட்கக் கூசாமல் உட்காரும் ஏற்பாடாக மாற்றுவதற்கு, சாதிச் சுவரை மனத்தளவில் தாண்டிய ஒரு நிர்வாகி வேண்டியிருந்தது. சுயமரியாதை இயக்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதனால்தான் பொருத்தமாயிற்று. பிடி அரிசி விருதுநகர் தந்தது. அதை மாநிலத்தின் உலையில் போட்டுப் பொங்க வைத்ததில் நெய்யாடுபாக்கத்துக்காரருக்கும் பங்கு உண்டு.

இதற்கு வரும் முதல் மறுப்பு எளிமையானது: முதலமைச்சர் சொன்னார், இயக்குநர் செய்தார், அந்த இடத்தில் வேறொருவர் இருந்தாலும் செய்திருப்பார், சம்பளம் வாங்கியவர்தானே? சம்பளம் எல்லா அதிகாரிக்கும் உண்டு. ஆணையும் எல்லாருக்கும் வருகிறது. அரசு ஆணை ஒரு துறைக்குள் போய் என்ன ஆகிறது என்பதை அலுவலகத்தைக் கிட்டே பார்த்த எவரும் அறிவார். ‘நிதி நிலைக்கு உட்பட்டுப் பரிசீலிக்கலாம்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும், யாரும் எதிர்க்காமலே அந்த ஆணை செத்துவிடும். எதிர்ப்பவரைத் தலைவர் அடையாளம் காணலாம். ஒத்துக்கொண்டே தாமதிப்பவரை அவ்வளவு எளிதில் காண முடியாது. ஆயிரக்கணக்கான ஊர்களில் தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் தன் பள்ளிக்காகத் தெருவில் இறங்கிக் கேட்டார் என்றால், அது ஆணையால் மட்டும் நடப்பதில்லை. சுந்தரவடிவேலு மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார், ஆசிரியர் கூட்டங்களில் பேசினார், எளிய தமிழில் எழுதினார். ஆசிரியரைத் துறையின் கடைசிப் படியில் நிற்கும் ஊழியராகப் பார்க்காமல் இயக்கத்தின் முன்வரிசையில் நிறுத்தினார். வேறொருவரும் செய்திருக்கலாம் என்று சொல்வது நடக்காத ஒன்றை வைத்து நடந்ததைத் தள்ளுவதாகும்.

இரண்டாவது மறுப்பு உணர்ச்சியோடு வருகிறது, அதற்குரிய மதிப்பைக் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். ‘காமராசரின் புகழை ஒரு அதிகாரிக்குப் பங்கு வைக்கிறீர்களா? பள்ளி சென்று முடிக்காத ஏழை மகன் கல்வி கொடுத்தார் என்பதுதானே எங்கள் பெருமை?’ அந்தப் பெருமை குறையவே குறையாது. பகல் உணவு யோசனையின் உரிமையைச் சுந்தரவடிவேலுவே தம் எழுத்தில் காமராசருக்குத்தான் கொடுக்கிறார். என் வாதத்துக்கு எதிர்ப்புறத்தில் நின்று, படிக்காத தலைவர் தலையாட்டினார், படித்த அதிகாரி எல்லாம் செய்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அது இன்னும் பெரிய தவறு, அதில் கல்விச் செருக்கும் கலந்திருக்கிறது. தலைவரின் துணிவு இல்லாமல் எந்த இயக்குநரும் கருவூலக் கதவைத் திறந்திருக்க முடியாது. ஆனால் மாடு மேய்க்கும் பையன் கதை காமராசரைப் பற்றி என்ன சொல்கிறது? அவர் இரக்கமுள்ளவர் என்கிறது. இரக்கம் நம் வீட்டுத் திண்ணைகளிலும் இருக்கிறது. அவரிடம் இருந்தது அதைவிட அரிய திறன். காங்கிரஸ் முதலமைச்சர் ஒருவர், தம் கட்சிக்கு வெளியே, கடவுள் மறுப்புக் கொள்கையில் வளர்ந்த ஒரு அதிகாரியை அடையாளம் கண்டு, மாநிலத்தின் பள்ளிகளை அவரிடம் ஒப்படைத்து, தம் ஆட்சிக் காலம் முழுவதும் நம்பிப் பின்னால் நின்றார். ‘இதனை இதனால் இவன் முடிக்கும்’ என்று ஆராய்ந்து ஒப்படைக்கும் வித்தை அரசனுக்குரிய வித்தைகளிலேயே கடினமானது. அந்த அதிகாரியின் பெயரை அழித்துவிட்டால், காமராசரின் இந்தத் திறனுக்கான சாட்சியையே அழித்துவிடுகிறோம்.

மூன்றாவது மறுப்பு சிவகாசியிலிருந்து வருகிறது. இதுதான் மற்றெல்லாவற்றையும்விடக் கனமானது. மைலுக்கொரு பள்ளியும் மதியச் சோறும் வந்து முப்பது ஆண்டு ஆன பிறகும் இந்தக் கரிசல் காட்டுப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், பட்டாசில் மருந்து தொட்டார்கள். விடியுமுன் ஆலைப் பேருந்து ஊர் ஊராக வந்து தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப் போனது. 1985 இறுதியில் சிவகாசி வட்டாரத்தில் பதிவுபெற்ற 221 தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்த 27,338 பேரில் 2,941 பேர் குழந்தைகள் என்ற கணக்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. பதிவில்லாத பட்டறைகளும் வீட்டுத் திண்ணைகளும் இந்தக் கணக்கில் இல்லை. அப்படியானால் நிர்வாகத் திறமை என்று இத்தனை நேரம் புகழ்ந்தது என்ன ஆயிற்று என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். 1950களின் திட்டம், பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிரிப்பவை பசியும் தொலைவும் கட்டணமும் என்று கணக்கிட்டு, அந்த மூன்றையும் எதிர்த்து நின்றது. சிவகாசியில் நான்காவது ஒன்று இருந்தது: கூலி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தீப்பெட்டித் தொழில், வானம் பார்த்த இந்தப் பூமிக்கு மழையில்லாக் காலத்திலும் அடுப்பெரிய வழி செய்தது உண்மை. அந்தத் தொழில் சிறு விரல்களையும் கூலிக்கு எடுத்தது என்பதும் உண்மை. பள்ளிச் சோறு ஒரு பிள்ளையின் வயிற்றை நிரப்பும்; பிள்ளையின் கூலி தம்பி தங்கையின் வயிற்றையும் நிரப்பும், அப்பன் வாங்கிய முன்பணத்தையும் கழிக்கும். இந்தத் தராசில் பள்ளியின் தட்டு மேலே போனது. இது அந்தத் திட்டத்தின் எல்லை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த எல்லை எந்தக் கருத்துக்குச் சாட்சியாகிறது என்று பார்க்க வேண்டும். 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது சிவகாசி அடங்கிய இந்த விருதுநகர் மாவட்டத்துக்குக் காமராசர் பெயரையே வைத்தார்கள். 1997 வரை அந்தப் பெயர் இருந்தது. பிள்ளைகள் கட்டை அடுக்கிய கொடிய ஆண்டுகளில் பல, மாவட்டப் பலகையில் அந்தப் பெயர் எழுதியிருந்த ஆண்டுகளே. பெருந்தலைவரின் பெயர் மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால் முதலில் விடிந்திருக்க வேண்டிய இடம் இது.

பிறகு நிலைமை எப்படி மாறியது? 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் இங்கே சிறப்புப் பள்ளிகள் திறந்து, வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் படிப்போடு சோறும் உதவித்தொகையும் கொடுத்தார்கள். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இல்லையேல் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றும் சொன்னது. பேருந்தை மறித்துச் சோதிப்பது, வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது, இடைநின்ற பிள்ளையின் வீட்டுக்குத் தலைமையாசிரியர் போய் உட்காருவது என்று பெயர் தெரியாத எத்தனையோ அலுவலர்களும் ஆசிரியர்களும் அன்றாடம் செய்த வேலைதான் பிள்ளைகளைப் பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு நகர்த்தியது. பின்னர் இதே மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடத்தைப் பல ஆண்டுகள் பிடித்தது. சிவகாசியின் துயரம் நிர்வாகத்தின் முக்கியத்துவத்தைப் பொய்யாக்கவில்லை. நிர்வாகம் தளர்ந்த இடத்தில் பெயரும் புகழும் எவ்வளவு கையாலாகாதவை என்பதையும், அது முறுக்கேறிய இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் ஒருசேரக் காட்டியது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் மாண்டதும் இதையே இரத்தத்தால் எழுதியது. விதிகள் அன்றும் இருந்தன. விதியை நாள்தோறும் நடத்தும் கைதான் வேண்டியிருந்தது.

நான்காவது மறுப்பு சுந்தரவடிவேலுவின் பிற்கால வாழ்வைப் பற்றியது. தொடக்கப் பள்ளிகளை நடத்திய அதிகாரியைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக்கியது புதிய ஆட்சி தன் கொள்கைக்காரருக்குத் தந்த பரிசு என்றும், அந்த நாற்காலி ஆய்வறிஞருக்கு உரியது என்றும் கற்றறிந்தோர் வட்டாரத்தில் ஒரு கருத்து உண்டு. அவருக்கு முன் 1942 முதல் 27 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தவர் புகழ்பெற்ற மருத்துவர் இலட்சுமணசாமி முதலியார். சுந்தரவடிவேலுவுக்குப் பின் வந்தவர் யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசய்யா. இருவருக்கும் நடுவே ஒரு பள்ளித்துறைக்காரர் பொருந்துவாரா? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1957இல் சோற்றின் மணம் பிடித்து ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை 1968இல் முடிக்கும். புகுமுக வகுப்பு முடிவது 1969இல்; பட்டம் 1972இல். அவருடைய துணைவேந்தர் காலம் 1969 முதல் 1975 வரை. குடும்பத்தில் எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத அந்தப் பெரும் அலை பல்கலைக்கழகக் கதவில் வந்து மோதிய ஆண்டுகள் இவையே. இந்த வட்டாரத்தில் விருதுநகர் வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி ஆகியவை 1960களில் அடுத்தடுத்துப் பிறந்ததும் அதே அலையை எதிர்பார்த்துத்தான். அவை 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்தன, எனவே அவற்றின் புகழை இவருக்குச் சேர்க்கவில்லை. ஆனால் அலை ஒன்றே. அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள், எதைப் படித்து வருகிறார்கள், எங்கே தடுக்கி விழுவார்கள் என்பதை முதல் வகுப்பிலிருந்து அறிந்தவரைவிடப் பொருத்தமானவர் அந்த ஆண்டுகளில் யார்? காங்கிரஸ் அரசின் நம்பிக்கையையும் பின்னர் தி.மு.க. அரசின் நம்பிக்கையையும் ஒருவரே பெற்றார் என்றால், அதைக் கட்சிப் பரிசு என்பதைவிட, கட்சிகளைத் தாண்டி நின்ற தகுதிக்குச் சான்று என்பதே நேர்மை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒரு மறைந்த அதிகாரிக்குச் சிலை கேட்பதன்று. தவறான கதை தவறான பழக்கத்தைத் தருகிறது. கல்வி ஒரு தனிமனிதரின் கருணையில் வந்தது என்று நம்பும் சமூகம், குறை வந்தால் அடுத்த கருணையாளரை எதிர்பார்த்துக் காத்திருக்கும். தன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருப்பதை, நூலக வரியை வீட்டுவரியோடு கட்டியும் நூலகத்தில் புது நூல் வராததை, ஆய்வாளர் வராததை அது கேட்காது. அவையெல்லாம் கதைக்கு வெளியே இருப்பவை. அண்மையில் நம் கண்முன்னே நடந்ததைப் பாருங்கள். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த அதிகாரப் பூசலில், சுந்தரவடிவேலு ஆறாண்டு அமர்ந்திருந்த சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இருக்கை 2023 ஆகஸ்டில் காலியாகி நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தது. விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய்ப் பல்கலைக்கழகமான மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் 2024இல் துணைவேந்தரை இழந்து, பணத் தட்டுப்பாட்டில் ஊழியர் சம்பளத்துக்கும் தடுமாறியது. வாயிலில் பெருந்தலைவரின் பெயர் இருந்தது, உள்ளே நாற்காலியில் ஆளில்லாமல் போனது. இதற்காக எந்த ஊரில் கடையடைத்தார்கள்? யார் மகமை போட்டார்கள்? நாற்காலியில் அமர்பவர் முக்கியமில்லை என்று நம் பிள்ளைகளுக்கு ஐம்பது ஆண்டுகளாக மேடைதோறும் கற்பித்துவிட்டு, நாற்காலி காலியாகும்போது கோபம் வரவில்லையே என்று வருந்தி என்ன பயன்?

அடுத்த ஜூலை 15 அன்று அதே பேச்சுப் போட்டி நடக்கட்டும். மாடு மேய்த்த பையனும் வரட்டும், காரும் நிற்கட்டும். அதற்குப் பிறகு பேச்சு முடியாமல் தொடரட்டும்: 10 காசில் 6 காசு எங்கிருந்து வந்தது, 4 காசு யார் கொடுத்தார், அரிசியை யார் சுமந்தார், ஒற்றை ஆசிரியர் எதை நம்பி அந்த ஊருக்குப் போனார், இயக்குநர் யார். இவற்றைத் தேடிப் படித்துச் சொல்லும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்போம். அந்தப் பிள்ளை நாளை தலைவராகவும் வரலாம், துறை இயக்குநராகவும் வரலாம், பட்டாசு ஆலையைச் சோதிக்கும் ஆய்வாளராகவும் வரலாம். எந்த இருக்கையில் அமர்ந்தாலும், தன் கையெழுத்துக்குக் கீழே ஒரு ஊரின் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.